பென் டிரைவைச் செருகினால் மடிக்கணினி வேகமாகுமா?

2 பிப்ரவரி 2021, இரவு 9.40

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலிலிருந்து ஒரு தங்கை கேட்கிறார்:

“அண்ணா, மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். கொரோனா முடக்கத்தில் நடக்கும் இல்லிருப்புக் கற்றலுக்கு என்னுடைய பழைய மடிக்கணினியைத்தான் கொடுத்திருக்கிறேன். விண்டோஸ் 7, ராம் 2 ஜிபி. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் பசியாறி முடித்து வந்தாலும் திரை தயாராக இருப்பதில்லை. கூகுள் கிளாஸ்ரூம் திறப்பதற்குள் ஆசிரியர் வருகைப் பதிவை முடித்துவிடுகிறார். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றைச் செருகினால் ராம் கூடிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். முப்பத்தைந்து ரிங்கிட். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம் தங்கச்சி. ராம் என்பது கணினி வேலை செய்யும்போது கையாளும் தற்காலிக நினைவகம். பென் டிரைவ் ஒருநாளும் ராம் ஆகாது. அந்த முப்பத்தைந்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் உண்மையான ராமே கிடைக்கும். அதை வாங்குங்கள்.

2 பிப்ரவரி, இரவு 11.15

படுத்தேன், தூக்கம் வரவில்லை. மேலே சொன்னது தவறில்லை, ஆனால் பாதிப் பதில்தான்.

கடைக்காரர் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. ரெடிபூஸ்ட் என்ற வசதி விண்டோஸ் 7-க்குள்ளேயே இருக்கிறது. 2007 ஜனவரி 30-ஆம் தேதி அதற்கு முந்தைய பதிப்பான விஸ்டா விற்பனைக்கு வந்தபோது கூடவே வந்தது. பென் டிரைவைச் செருகி, அதன் பண்புகளைத் திறந்தால் ரெடிபூஸ்ட் என்று ஒரு பகுதி தெரியும். அதை இயக்கினால் விண்டோஸ் அந்தப் பென் டிரைவில் ஒரு பெரிய கோப்பை உருவாக்கும். அடிக்கடி தேவைப்படும் சிறு தரவுத் துண்டுகளின் நகலை அதில் வைத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப் போகாமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

2008-இல் இதை நானே செய்திருக்கிறேன். அப்போது என் மடிக்கணினியில் 512 எம்பி ராம்தான். விஸ்டாவுக்கு அதுதான் குறைந்தபட்சத் தேவை. ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாறினால் திரை வெளுத்துப்போய் நிற்கும். ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் பென் டிரைவ் வாங்கினேன். செருகியதும் ‘இந்தச் சாதனத்துக்குத் தேவையான வேகம் இல்லை’ என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் கடையில் வாங்கிக்கொள்ளவில்லை. மறு மாதச் சம்பளத்தில் வேறொன்று வாங்கினேன். அது தேர்வில் தேறியது. கணினி பறக்கவில்லை, ஆனால் வெளுத்துப்போய் நிற்பது குறைந்தது. அந்த நிம்மதி இன்னும் நினைவில் இருக்கிறது.

அக்காலத்தில் வெளியான ஒரு சோதனையின் கணக்கு எனக்கு மனப்பாடம். 512 எம்பி ராம் உள்ள கணினியில் 11.7 வினாடி பிடித்த ஒரு வேலை, 1 ஜிபி ரெடிபூஸ்ட் சேர்த்ததும் 2 வினாடிக்கு இறங்கியது. பென் டிரைவே இல்லாமல் ராமை 1 ஜிபி ஆக்கியபோது 0.8 வினாடி. கடைக்காரர் முதல் பாதியைச் சொல்கிறார். நான் இரண்டாம் பாதியை மட்டும் சொல்லிவிட்டேன்.

3 பிப்ரவரி, காலை 7.05

“அண்ணா, நேற்று மாலையே வாங்கிவிட்டேன். கேட்டது வாங்கிய பிறகுதான். சொல்லக் கூச்சமாக இருந்தது.”

கூச்சப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் படிப்புக்காகச் செய்த செலவு. அதைப் பயனுள்ளதாக்க வழி பார்ப்போம். கடையில் ‘ராம் கூடிவிடும்’ என்று சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. ‘காத்திருப்பது கொஞ்சம் குறையும்’ என்று சொல்லி விற்றிருந்தால் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

3 பிப்ரவரி, இரவு 10.20

எப்படி வேலை செய்கிறது என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அம்மா சமைத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் நின்று யோசித்தேன், அங்கேயே விடை இருந்தது.

அடுப்பு மேடைதான் ராம். கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் விரிந்திருக்கும், இடம் மட்டும் குறைவு. லெபோ பாசாரில் இருக்கும் மளிகைக் கடைதான் ஹார்ட் டிஸ்க். எல்லாம் கிடைக்கும், ஆனால் போய் வர வேண்டும். மேடை நிரம்பிவிட்டால் ஒரு சிட்டிகைக் கடுகுக்கும் கடைக்கு ஓட வேண்டும். ரெடிபூஸ்ட் ஓர் அஞ்சறைப் பெட்டி. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வேண்டியவை அதில் இருக்கும்.

இனிக் கணக்கு. மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. தேடும் துண்டு, தரவைப் படிக்கும் தலைக்கடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அதற்கு முன் தலை நகர்ந்து சரியான தடத்துக்கு வர வேண்டும். மொத்தத்தில் ஒரு சிறு துண்டுக்கு ஏறக்குறைய 15 மில்லி வினாடி போய்விடுகிறது. நல்ல பென் டிரைவில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது, ஒரு மில்லி வினாடிக்குள் எடுத்துவிடலாம். மென்பொருள் ஒன்று திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கில் சிறு துண்டுகள் கேட்கும்.

ஆனால் அரிசி மூட்டையை அஞ்சறைப் பெட்டியில் வைக்க முடியாது. பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிப்பதென்றால் ஹார்ட் டிஸ்க்தான் யுஎஸ்பி 2.0 பென் டிரைவை வெல்லும். விண்டோஸுக்கும் இது தெரியும். நீளமான வாசிப்புகளை ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டுச் சில்லறை வாசிப்புகளை மட்டும் பென் டிரைவில் எடுக்கிறது.

அதனால்தான் தகுதித் தேர்வும் சில்லறை வேகத்தைத்தான் பார்க்கிறது: 4 கேபி துண்டுகளாக ஆங்காங்கே படிக்கும்போது வினாடிக்கு 2.5 எம்பி, 512 கேபி துண்டுகளாக எழுதும்போது வினாடிக்கு 1.75 எம்பி. குறைந்தது 256 எம்பி இடமும் வேண்டும். என் முதல் பென் டிரைவ் அட்டையில் போட்டிருந்த வேகம் தொடர் வாசிப்பின் வேகம். சில்லறை வேலையில் அது தோற்றுவிட்டது. அன்றைக்கு இந்த வேறுபாடு எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு பென் டிரைவின் விலை மிஞ்சியிருக்கும்.

5 பிப்ரவரி, மாலை 6.30

அலமாரியில் கிடந்த என் பழைய மடிக்கணினியை எடுத்தேன். விண்டோஸ் 7, 5400 சுழற்சி ஹார்ட் டிஸ்க். இரண்டு ராம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றி 2 ஜிபி ஆக்கினேன், தங்கையின் கணினி நிலைக்குக் கொண்டுவருவதற்காக. கைப்பேசிக் கடிகாரத்தை வைத்துக் குரோம் திறக்கும் நேரத்தை அளந்தேன். பென் டிரைவ் இல்லாமல் 47 வினாடி. பென் டிரைவைச் செருகி, ரெடிபூஸ்டை இயக்கி அளந்தால் 49.

ஆக, பயன் இல்லை. முதல் நாள் சொன்னதே சரி.

6 பிப்ரவரி, மதியம் 1.10

நேற்று எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். அளந்த முறையே தவறு.

செருகிய நிமிடமே அளந்துவிட்டேன். அஞ்சறைப் பெட்டி அப்போது காலி. எதை அடிக்கடி எடுக்கிறோம் என்று விண்டோஸ் பார்த்துப் பார்த்துத்தான் நிரப்பும். போதாக்குறைக்கு அந்த நேரத்தில் பென் டிரைவில் எழுதிக்கொண்டும் இருந்தது. பென் டிரைவைத் தொட்டால் சுட்டது, அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இரவு முழுவதும் ஓட விட்டு, காலையில் வழக்கமான வேலைகளைச் செய்து, பிறகு அளந்தேன். ஐந்தாறு மென்பொருள்களைத் திறந்து ராமை நிரப்பிவிட்டுக் குரோமைத் திறந்தால் 31 வினாடி. பென் டிரைவைக் கழற்றி அதே வரிசையில் மறுபடி செய்தால் 50. மூன்று முறை செய்தேன். இரண்டு வினாடி முன்பின் இருந்தது, போக்கு மாறவில்லை.

மாறாதது ஒன்று உண்டு. கணினி தொடங்கி முகப்புத் திரை வரும் நேரத்தில் எந்தக் குறையும் இல்லை. தங்கையின் முதல் புகாரே அதுதான். ஆகவே அந்தப் பசியாறும் நேரம் அப்படியே இருக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

7 பிப்ரவரி

“32 ஜிபி வாங்கினேன், 4094 எம்பிக்கு மேல் ஒதுக்க விடவில்லை. பென் டிரைவ் போலியா?”

இல்லை தங்கச்சி. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ரெடிபூஸ்ட் வைப்பது ஒரே கோப்பு. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் விண்டோஸ் 7-இல் 32 ஜிபி வரை ஒதுக்கலாம். அதற்காக மறுபடி வடிவமைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்.

ஆனால் உங்களுக்கு 4 ஜிபி போதும். ராமைப் போல ஒரு மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரை ஒதுக்கச் சொல்வதுதான் மைக்ரோசாஃப்ட் தந்த அளவு. உள்ளே வைக்கும்போது தரவைச் சுருக்கி வேறு வைக்கிறது, ஏறக்குறைய பாதி அளவுக்கு. 4 ஜிபியில் 8 ஜிபி அளவுக்குக் கொள்ளும்.

போலிப் பென் டிரைவுகளும் சந்தையில் இருப்பது உண்மைதான். மேலே 32 என்று போட்டு உள்ளே 8 மட்டும் இருக்கும். முழுவதும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைச் செய்து பாருங்கள்.

9 பிப்ரவரி

இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக.

வேலை நடக்கும்போது பையன் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால்? ஒன்றும் ஆகாது. அதில் இருப்பது எல்லாமே நகல். மூலம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பெட்டி கீழே விழுந்தால் மறுபடி கடைக்குப் போவோம், அவ்வளவுதான்.

பென் டிரைவ் தொலைந்து யாராவது எடுத்தால் நம் விவரங்களைப் படிக்க முடியுமா? முடியாது. ஏஇஎஸ் 128 பிட் முறையில் பூட்டித்தான் எழுதுகிறது. இந்த வசதியை வடிவமைத்தவர்கள் இந்த இரண்டையும் யோசித்திருக்கிறார்கள் என்பதற்காகவே எனக்கு அவர்கள்மேல் மதிப்பு உண்டு. பென் டிரைவ் சீக்கிரம் தேய்ந்துபோகுமோ என்ற கேள்விக்கும் பத்து ஆண்டுகளுக்கு மேல் தாங்கும் என்று அப்போதே பதில் சொல்லியிருந்தார்கள். என் 2008 பென் டிரைவ் மூன்று ஆண்டுகள் இரவு பகலாக அந்த வேலையைச் செய்தது. இன்றும் திறக்கிறது.

10 பிப்ரவரி, இரவு

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இன்றுதான் கேட்டேன். தங்கச்சி, கணினி மெதுவாகும்போது ஹார்ட் டிஸ்க் விளக்கு என்ன செய்கிறது? உருளை போன்ற சிறு சின்னத்தின் அருகே இருக்கும் விளக்கு.

அவர் பொறுமையாகப் பார்த்து எழுதியிருக்கிறார். கணினி தொடங்கும்போதும் குரோம் திறக்கும்போதும் விளக்கு அணையாமல் எரிகிறது. ஆனால் கூகுள் மீட்டில் ஆசிரியர் முகம் உறைந்து, குரல் கரகரக்கும்போது விளக்கு எப்போதாவது மின்னுவதோடு சரி.

இரண்டும் வேறு வேறு நோய்கள். விளக்கு அணையாமல் எரிந்தால் ஹார்ட் டிஸ்க் திணறுகிறது, ராமோ ரெடிபூஸ்டோ உதவும். விளக்கு அமைதியாக இருக்கும்போது படம் உறைந்தால் இணைய இணைப்போ கணினியின் மூளையான சிபியுவோ திணறுகிறது. அதற்கு நூறு பென் டிரைவ் செருகினாலும் பயனில்லை. மீட்டைக் கைப்பேசியில் வையுங்கள், கிளாஸ்ரூமும் பயிற்சிகளும் மடிக்கணினியில் இருக்கட்டும். பையனின் கேமராவை அணைத்துவைக்க ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள், இணைப்பின் சுமை குறையும்.

எட்டு நாள் பேசியிருக்கிறோம், இந்த விளக்கை நான் கேட்கவில்லை. இனி யார் கேட்டாலும் என் முதல் கேள்வி இதுதான்.

12 பிப்ரவரி

சீனப் பெருநாள். ராம் விற்பவர் கடை திறக்க நான்கைந்து நாளாகும். அதுவரை வேறு கதை.

பென் டிரைவைக் கண்டுபிடித்தவர் நம் மலேசியாக்காரர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சிலாங்கூரின் செக்கிஞ்சானில் பிறந்த புவா கைன் செங். நெல் வயலும் மீன்பிடிப் படகும் உள்ள சிற்றூரிலிருந்து தைவானுக்குப் படிக்கப் போய், 2000-இல் நண்பர்களோடு ஃபிசான் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

13 பிப்ரவரி

நேற்றைய வரியைத் திருத்துகிறேன். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் நியாயமாகவே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே தம்ப் டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் 1999-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகமே 1980-களில் ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. புவாவின் குழு செய்தது, பென் டிரைவின் கட்டுப்பாட்டு வேலைகளை எல்லாம் ஒரே சில்லுக்குள் அடக்கியது. பென் டிரைவ் மலிவானதற்கு அந்த ஒற்றைச் சில்லும் ஒரு காரணம்.

இப்படிச் சொன்னால் பெருமை குறையவில்லை. நேற்று மிகைப்படுத்தியதற்குத்தான் வருந்துகிறேன்.

14 பிப்ரவரி, இரவு

உடைந்த பென் டிரைவ் ஒன்றைப் பிரித்து மேசைமேல் வைத்திருந்தேன். அம்மா வந்து பார்த்தார்.

என் அம்மா 1974-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இல் அங்கே தொடங்கியது. அடுத்தடுத்து வந்த நிறுவனங்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் பெண்கள் தேவைப்பட்டார்கள். விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லிலிருந்து சட்டத்துக்கு இழுத்துப் பற்றவைப்பதுதான் வேலை. ஆண்டுக்கணக்கில் செய்தார். கண்ணாடி போட்டுக்கொண்டது அதனால்தான் என்று இன்றும் சொல்வார்.

“இதற்குள்ளும் கம்பி இருக்குமா தம்பி?” என்று கேட்டார்.

“இருக்கும் அம்மா. இப்போது இயந்திரம் பற்றவைக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சில்லுகளை அடுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் கம்பி இறக்குகிறார்கள்.”

“அடுக்கியா?” என்று வியந்து, அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்போது நாங்கள் செய்தது மின்சாரம் போனால் மறந்துவிடும் என்பார்கள். இது மறக்காதா?”

மறக்காது. ராமுக்கும் பென் டிரைவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இத்தனை நாளாக எழுதுகிறேன், அம்மா ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். ராம் மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நினைவில் வைத்திருக்கும், ஆனால் நானோ வினாடிகளில் பதில் சொல்லும். ஃபிளாஷ் மறக்காது, ஆனால் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெதுவானது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்ப முடியாது என்பது அதனால்தான்.

18 பிப்ரவரி

“பேஜ் ஃபைலையே பென் டிரைவுக்கு மாற்றிவிட்டால் இன்னும் வேகம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். ராம் நிரம்பும்போது விண்டோஸ் மிச்சத்தை இறக்கிவைக்கும் கோப்புதான் பேஜ் ஃபைல். அங்கே போவது நகல் இல்லை, ராமில் இடமில்லாமல் வெளியே வைத்த மூலம். பென் டிரைவை இழுத்தால் கணினி அங்கேயே விழும். சாதாரணப் பென் டிரைவில் பேஜ் ஃபைல் வைக்க விண்டோஸ் இடம் தராததற்கும் காரணம் இருக்கிறது. லினக்ஸில் இதற்கு இணையான ஸ்வாப்பைப் பென் டிரைவில் வைக்கலாம், ஆபத்து அதேதான். லினக்ஸ் போடுபவர்கள் இசட்ராம் பாருங்கள். ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும், வெளிச்சாதனம் எதுவும் தேவைப்படாது.

20 பிப்ரவரி

தங்கை மடிக்கணினியின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். மூடியைக் கழற்றச் சொன்னேன், கழற்றி மறுபடி படமெடுத்தார். பார்த்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ராமுக்கு இரண்டு இடங்கள், ஒன்று காலி! இத்தனை ஆண்டுகளாகக் காலியாகவே இருந்திருக்கிறது.

இருக்கும் பட்டை டிடிஆர்3, 1.5 வோல்ட். அதே வகையில் 2 ஜிபி, பயன்படுத்திய பட்டை ஒன்றை நாற்பது ரிங்கிட்டுக்கு வாங்கி, என் கணினியில் ஓர் இரவு சோதித்துப் பார்த்துவிட்டுக் கூரியரில் அனுப்புகிறேன். மாவட்டம் தாண்டிப் போக முடிந்தால் நானே போய்ப் போட்டுவிடுவேன்.

27 பிப்ரவரி, காலை 11.30

தங்கையே போட்டுவிட்டார்! நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மகன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் வரிசையை எழுதுகிறேன். மின்கம்பியைப் பிடுங்கி, மின்கலத்தையும் கழற்றினார். ஆற்றல் பொத்தானைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்தார். உலோகக் குழாய் ஒன்றைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்கினார். பட்டையின் பள்ளமும் துளையின் மேடும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சாய்வாக நுழைத்தார். பொன்னிற விளிம்பு மறையும்வரை தள்ளியபின் கீழே அழுத்தினார். இரு பக்கக் கொக்கிகளும் ‘டக்’ என்றன. அந்தச் சத்தம் எனக்குத் தொலைபேசியிலேயே கேட்டது.

27 பிப்ரவரி, மதியம்

“4 ஜிபி போட்டும் பயன்படுத்தக்கூடியது 3 ஜிபி சொச்சம் என்றுதான் காட்டுகிறது. பழுதா?”

பழுதில்லை. உங்களுடையது 32 பிட் விண்டோஸ். அதனால் எண்ணக்கூடிய முகவரிகள் மொத்தம் 4 ஜிபிதான், அதிலும் ஒரு பங்கு திரை அட்டை போன்ற பாகங்களுக்குப் போய்விடும். மிச்சம்தான் ராமுக்கு. இதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

1 மார்ச்

தங்கையின் கணக்கு: குரோம் திறக்க முன்பு ஒரு நிமிடத்துக்கு மேல், இப்போது இருபது வினாடிக்குள். ஒரே நேரத்தில் நான்கு பக்கங்கள் திறந்தாலும் விளக்கு அணைந்து அணைந்துதான் எரிகிறது. தொடங்கும் நேரம் பாதியாகவில்லை. தானாகத் தொடங்கும் மென்பொருள்கள் ஏழெட்டை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பசியாறும் நேரம் தேநீர் ஆற்றும் நேரமாகக் குறைந்தது.

பென் டிரைவைச் செருகியும் செருகாமலும் பார்க்கச் சொன்னேன். வேறுபாடே தெரியவில்லை என்கிறார். மேடை பெரிதானபின் அஞ்சறைப் பெட்டிக்கு வேலை குறைவு.

“அப்படியென்றால் என் முப்பத்தைந்து ரிங்கிட்?” என்று கேட்டார். மகனின் பாடங்களைச் சேமித்து வைக்கச் சொன்னேன்.

6 ஜூன்

மறுபடி முழு முடக்கம், பிள்ளைகள் மறுபடி வீட்டில். கேள்விகளும் மறுபடி வருகின்றன.

எஸ்எஸ்டி (தட்டு சுழலாத ஃபிளாஷ் சேமிப்பகம்) உள்ள கணினியில் ரெடிபூஸ்ட் போடலாமா என்று தொழிற்சாலை நண்பர் கேட்டார். விண்டோஸ் 7-இலிருந்தே, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி இருந்தால், ‘இந்தக் கணினி போதிய வேகம் கொண்டது, கூடுதல் பயன் இருக்காது’ என்று அந்தப் பகுதியே சொல்லிவிடும். சுழலும் தட்டே இல்லாத இடத்தில் யாருக்காகக் காத்திருப்பது? பழைய கணினிக்கு இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர்கள் எஸ்எஸ்டி மாற்றுங்கள். தொடங்கும் நேரத்தை உண்மையில் குறைப்பது அதுதான்.

6 ஜூன், இரவு

தங்கையின் பென் டிரைவ் என்ன ஆயிற்று என்று இன்று தெரிந்தது.

பக்கத்து வீட்டில், இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று படிக்கும் பெண்பிள்ளை. அவளிடம் இருப்பது ஒரு சிறு நெட்புக், இன்டெலின் ‘ஆட்டம்’ சிபியு, 1 ஜிபி ராம். அந்த ராமும் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, கூட்டவோ மாற்றவோ இடமில்லை. எஸ்எஸ்டிக்கு அந்த வீட்டில் பணமும் இல்லை. பிப்ரவரியில் நான் எழுதிய பதில் இந்தப் பிள்ளைக்குத் தவறான பதிலாக இருந்திருக்கும். ரெடிபூஸ்ட் செய்யப்பட்டதே இப்படிப்பட்ட கணினிக்குத்தான்.

தங்கை அந்தப் பென் டிரைவைக் கொடுத்து, தானே ரெடிபூஸ்டை இயக்கி, 2 ஜிபி ஒதுக்கியிருக்கிறார். “ஒரு நாள் பொறுத்துத்தான் வேகம் தெரியும், அண்ணன் சொல்லியிருக்கிறார்” என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னாராம். மீட் அதில் ஓடாது, அது அம்மாவின் கைப்பேசியில். கட்டுரை எழுதுவதும் பயிற்சி அனுப்புவதும் நெட்புக்கில். கோப்பைத் திறந்துவிட்டு எழுந்து போய்வரும் பழக்கம் நின்றுவிட்டதாம்.

படம் அனுப்பியிருக்கிறார். தம்பி பிடுங்கிவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளை பென் டிரைவைச் சுற்றி நீல ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள்.